போலந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கா? சம்பளத்துக்கு முன்னாடி மொழியைக் கணக்கு போடுங்க



"சார், போலந்துல ஃபேக்டரி வேலை. மாசம் ஒரு லட்சம்ங்கிறாங்க. போலாமா?" ஓசூர்ல என் ஆபீசுக்கு வர்ற சிஎன்சி ஆபரேட்டர்கள், வெல்டர்கள், டிப்ளமோ முடிச்ச தம்பிகள் இப்ப அதிகமா கேட்கிற கேள்வி இதுதான். போன வீடியோவுல இதைப் பத்தி ரெண்டு நிமிஷம்தான் பேசினேன். ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்ல அனுப்பி "நல்லதா கெட்டதா சொல்லுங்க"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. அதனால விரிவா எழுதுறேன்.

முதல்ல அந்த ஒரு லட்சம். 2025-ல் போலந்தின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 4,666 ஸ்வோட்டி. இந்தக் கட்டுரை முழுக்க ஒரு ஸ்வோட்டிக்கு ₹23 என்று வைத்துக்கொள்வோம் (தினமும் மாறும், நீங்க அன்றைய ரேட்டைப் போட்டுப் பார்க்கணும்). 4,666-ஐ 23-ஆல் பெருக்கினால் ₹1,07,318. அதாவது ஏஜென்ட் உங்களிடம் பெருமையாகச் சொல்லும் "ஒரு லட்சம்" பெரும்பாலும் அந்த நாட்டுச் சட்டம் சொல்லும் மினிமம்தான். அதுவும் பிடித்தத்துக்கு முன்னால் உள்ள தொகை. கைக்கு வருவது 3,511 ஸ்வோட்டி, சுமார் ₹80,750.

நடுவில் காணாமல் போன ₹26,500 எங்கே போச்சுன்னு உங்க பேஸ்லிப்பே சொல்லும். ஆனா போலிஷ் மொழியில் சொல்லும். லண்டனுக்கோ சிட்னிக்கோ போறவருக்கும் வார்சாவுக்குப் போறவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஆங்கிலம் பேசும் நாட்டுக்குப் போனால், மொழிக்கான செலவை உங்க அப்பா அம்மா உங்க பள்ளிக்கூட ஃபீஸா ஏற்கெனவே கட்டிட்டாங்க. போலந்துக்குப் போனால் அந்தச் செலவை இப்ப நீங்க கட்டணும். கட்டாமல் போனால் அது வேற வழியில உங்க சம்பளத்திலிருந்து பிடிபடும்.

அப்ப ஏன் பிரிட்டனுக்குப் போகாம போலந்து? கேள்வி நியாயம்தான். 2025 ஜூலை 22 முதல் பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, வேலையும் பெரும்பாலும் டிகிரி லெவலில் இருக்கணும். சிப்காட்ல மெஷின் ஓட்டுறவருக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிடுச்சு. போலந்து 2004 மே 1-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. சேர்ந்த பிறகு அவங்க ஊர் ஆட்களே லட்சக்கணக்கில் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் வேலைக்குப் போனாங்க. இப்ப போலந்து ஃபேக்டரிகள், வேர்ஹவுஸ்களில் ஆள் தட்டுப்பாடு. அந்த இடத்துக்குத்தான் நம்மைக் கூப்பிடுறாங்க.

ஒப்பந்தத்தின் முதல் வார்த்தை

ஆஃபரோடு வரும் ஒப்பந்தத்தின் தலைப்பில் "உமோவா" என்று இருக்கும். ஒப்பந்தம் என்று பொருள். அதற்குப் பின்னால் வரும் சொல்தான் உங்க தலையெழுத்து.

"உமோவா ஓ ப்ராட்சே" என்றால் முழுமையான வேலை ஒப்பந்தம். தொழிலாளர் சட்டம் முழுசா பொருந்தும். ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்தோடு லீவு, சர்வீஸ் அதிகமானால் 26. ஓவர்டைமுக்கு 50 சதவீதம் கூடுதல். இரவு, ஞாயிறு, விடுமுறை நாள் ஓவர்டைமுக்கு 100 சதவீதம். ஆறு மாசம் வேலை செய்துட்டா ஒரு மாசம் நோட்டீஸ், மூணு வருஷம் ஆனா மூணு மாசம்.

"உமோவா ஸ்லெட்சேனியே" என்றால் கிட்டத்தட்ட நம்ம ஊர் கான்ட்ராக்ட் லேபர் மாதிரி. மணிக்கணக்கு சம்பளம். 2025-ல் குறைந்தபட்சம் மணிக்கு 30.50 ஸ்வோட்டி என்ற பாதுகாப்பு மட்டும் உண்டு. சம்பளத்தோடு லீவு சட்டப்படி கிடையாது, ஓவர்டைம் கூடுதல் கிடையாது. ஆர்டர் குறைஞ்சா உங்க மணிநேரமும் குறையும். மூணாவதா "உமோவா ஓ ஜியேவோ" என்று ஒண்ணு இருக்கு. ஒரு குறிப்பிட்ட பொருளைச் செய்து முடிச்சுக் கொடுப்பதற்கான ஒப்பந்தம், பொதுவா சமூகக் காப்பீடே பிடிக்க மாட்டாங்க. ஃபேக்டரி லைன் வேலைக்கு இதை நீட்டினால் கையெழுத்துப் போடாதீங்க.

இந்த மூணையும் ஆங்கிலத்துல "கான்ட்ராக்ட்" என்ற ஒரே வார்த்தையில் முடிச்சு ஏஜென்ட் அனுப்புவார். அங்கதான் பிரச்சினையே. 1999-ல் வந்த போலிஷ் மொழிச் சட்டப்படி அங்கே வேலை ஒப்பந்தங்களின் இயல்பான மொழி போலிஷ். கூட வரும் ஆங்கிலத் தாளில் என்ன இருந்தாலும் போலிஷ் தாளை வாங்காம விமானம் ஏறக்கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் மொபைல் கேமராவுல மொழிபெயர்த்துப் பார்க்க இன்னிக்கு காசு செலவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிப்காட்ல வேலை செய்யும் ஒரு தம்பி, வயசு 28, ஏஜென்ட்டுக்கு ₹4 லட்சம் கொடுக்கிறார், அது ரெண்டு வட்டிக்கு வாங்கினது என்று வைத்துக்கொள்வோம். மாசம் வட்டி மட்டும் ₹8,000. அங்கே தங்குமிடம், சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து 1,750 ஸ்வோட்டி. முழு வேலை ஒப்பந்தமா இருந்தா 3,511-ல் மீதி 1,761, அதாவது ₹40,500. வட்டி போக ₹32,500. ஒரு வருஷத்துக்கு மேல ஆகும் அசலை அடைக்க, ஆனா அடைச்சிடலாம். அதே தம்பி ஸ்லெட்சேனியே ஒப்பந்தத்துல போய், ஆர்டர் இல்லாத மாசம் 120 மணி நேரம்தான் வேலை கிடைச்சுதுன்னா? 120 பெருக்கல் 30.50, மொத்தம் 3,660. பிடித்தம் போக கைக்கு சுமார் 2,900. செலவு போக 1,150, அதாவது ₹26,450. வட்டி கட்டினா ₹18,450. இதுக்கு ஓசூர்லயே ஷிஃப்ட் பார்த்துட்டு அம்மா கையால சாப்பிடலாம்.

அந்த ₹4 லட்சமே தப்பு என்பது வேற விஷயம். இந்திய எமிகிரேஷன் விதிகளின்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் ₹30,000, அதன் மேல் 18% ஜிஎஸ்டி. ஆக ₹35,400. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் போர்ட்டலில் பார்க்கலாம். புகார் கொடுக்க சென்னையில் புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ் அலுவலகம் இருக்கு. தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனும் வெளிநாட்டு வேலைகளுக்கு ஆள் எடுக்குது, அதையும் ஒருமுறை பாருங்க. போலந்துப் பக்கமும் இது சின்ன விஷயம் இல்லை. 2023-ல் அங்கே பணம் வாங்கிக்கொண்டு விசா கொடுத்த ஊழல் வெடிச்சு, வெளியுறவுத் துறை துணை அமைச்சர் ஒருத்தர் பதவி இழந்தார். அதுக்கப்புறம் விசா பரிசோதனை இறுகிடுச்சு.

பேஸ்லிப்பைப் படிக்கிறது எப்படி

நம்ம கண் ஏமாறும் முதல் இடம் எண்கள். போலந்தில் தசமத்துக்குக் கமா போடுவாங்க. மணிக்கு "30,50" என்று பார்த்தா முப்பதரை ஸ்வோட்டி, மூவாயிரத்து ஐம்பது இல்லை. ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளியோ புள்ளியோ போடுவாங்க. "3.510,92" என்பது மூவாயிரத்து ஐந்நூற்றுப் பத்து. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் நம்ம மாதிரியேதான் புள்ளி வைக்கிறாங்க, அதனால அங்கே இந்தத் தொல்லை இல்லை.

"ப்ருட்டோ" என்றால் பிடித்தத்துக்கு முன், "நெட்டோ" என்றால் பின். "டோ விப்வாட்டி" என்ற வரிதான் கைக்கு வருவது. "பொட்ரோன்ட்செனியா" என்றால் கழிவுகள். ஹாஸ்டல் வாடகை, யூனிஃபார்ம், ஏதாவது அபராதம் எல்லாம் இங்கேதான் ஒளிஞ்சிருக்கும். "நாட்கொஜீனி" ஓவர்டைம். "உர்லோப்" லீவு. "ஸூஸ்" என்பது அவங்க ஊர் சமூகக் காப்பீட்டு நிறுவனம். நம்ம பிஎஃப்பும் இஎஸ்ஐயும் கலந்த மாதிரின்னு வச்சுக்கோங்க. முழு வேலை ஒப்பந்தத்தில் உங்க பங்கு 13.71 சதவீதம், அது போக மீதியில் மருத்துவத்துக்கு 9 சதவீதம், அப்புறம் வருமான வரி. ஆண்டுக்கு 30,000 ஸ்வோட்டி வரை வரி இல்லை. அதற்கு மேல் 1,20,000 வரை 12%, அதைத் தாண்டினால் 32%.

இங்கே ஒரு சின்ன ஃபார்ம் இருக்கு, பிட்-2 என்று பேர். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே கம்பெனியிடம் கொடுத்தா, அந்த 30,000 விலக்கின் பலனா மாசம் 300 ஸ்வோட்டி வரி குறையும். கொடுக்கலைன்னா மாசம் ₹6,900 கூடுதலா பிடிபடும், அடுத்த வருஷம் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். நான் மேலே சொன்ன 3,511-ம் இந்த ஃபார்மைக் கொடுத்தவருக்குத்தான். 26 வயசு முடியாதவர்களுக்கு இன்னும் நல்ல சேதி: ஆண்டுக்கு 85,528 ஸ்வோட்டி வரை சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. வரி ஆண்டு அங்கே ஜனவரி முதல் டிசம்பர். பிப்ரவரி கடைசிக்குள் கம்பெனி பிட்-11 கொடுக்கும் (நம்ம ஃபார்ம் 16 மாதிரி), ஏப்ரல் 30-க்குள் நீங்க பிட்-37 தாக்கல் செய்யணும்.

இங்கிலீஷை விடுங்க, தமிழ் வழியா போங்க

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுறவங்களுக்கு எந்த மொழி எவ்வளவு கஷ்டம்னு ஒரு பட்டியல் வச்சிருக்கு. அதில் போலிஷும் தமிழும் ஒரே வகுப்பு, 44 வாரம், சுமார் 1,100 மணி நேரம். வெள்ளைக்காரங்களுக்கு ரெண்டும் ஒரே அளவு தலைவலி! ஆனா நமக்கு அந்தத் தலைவலியில பாதி ஏற்கெனவே பழக்கம்.

போலிஷில் ஏழு வேற்றுமை. ஆங்கிலேயர் இங்கேயே ஓடிடுவாங்க. நாம எட்டாம் வகுப்பிலேயே எட்டு வேற்றுமை படிச்சு மார்க் வாங்கினவங்க. கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரிக்கு, கிருஷ்ணகிரியில் என்று நாம் சொல்ற மாதிரி, க்ராகூவ் நகரத்துக்குப் போனா "டோ க்ராகோவா", க்ராகூவில் இருந்தா "வ் க்ராகோவியே". ஊர்ப் பேரோட வாலே மாறும். விளி வேற்றுமைகூட உண்டு. வினைச்சொல்லிலேயே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்: "ப்ராட்சுயெ" என்றால் வேலை செய்கிறேன், "ப்ராட்சுயெஷ்" என்றால் வேலை செய்கிறாய். "நான்", "நீ" தனியா சொல்லத் தேவையில்லை. "வந்துட்டேன்" என்று ஒரே சொல்லில் முடிக்கிற நமக்கு இது புதுசா?

கஷ்டமும் இருக்கு. மேஜை ஆண்பால், புத்தகம் பெண்பால், மனப்பாடம்தான். பன்மையில் ஆண்கள் இருக்கும் கூட்டம் தனி வகை; பெண்கள் மட்டும் இருக்கும் கூட்டமும் மேஜை நாற்காலியும் இன்னொரு வகை. நம்ம ஊர்ல இதைச் சொன்னா சண்டைக்கு வருவாங்க. பணத்தை எண்ணுவதிலும் ஒரு கூத்து: ஒரு ஸ்வோட்டி, ரெண்டு மூணு நாலுக்கு "ஸ்வோட்டே", அஞ்சிலிருந்து "ஸ்வோட்டிஹ்". எழுத்தில் எல் மாதிரி இருந்து குறுக்கே கோடு போட்டிருந்தா "வ". அதனாலதான் பேப்பர்ல "ஸ்லோட்டி" மாதிரி தெரிவது வாயில் ஸ்வோட்டி ஆகுது, மேப்பில் "லோட்ஸ்" மாதிரி தெரியும் நகரம் "வூச்" ஆகுது. ரயில்வே ஸ்டேஷன்ல இது தெரியலைன்னா ஊரைத் தாண்டிப் போயிடுவீங்க.

ஒரு எச்சரிக்கை. போலிஷ் பேச்சில் "நோ" என்றால் "ஆமா"! சூப்பர்வைசரிடம் "மெஷினை ஆன் பண்ணவா?"ன்னு கேட்டு அவர் "நோ, நோ" என்றால் பண்ணுங்கிறார். இல்லை என்பதற்கு "நியே". முதல் நாளே இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கோங்க, கை விரல் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஓசூர்க்காரங்களுக்கு இன்னொரு அட்வான்டேஜ். பஸ் ஸ்டாண்டுல தமிழ், சந்தையில தெலுங்கு, அத்திப்பள்ளி தாண்டினா கன்னடம். இலக்கணப் புத்தகம் இல்லாம காதால் மொழி பிடிக்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. ஒரே மொழியில் வளர்ந்த ஆங்கிலேயரைவிட நாம முன்னாடி.

மரியாதையும் பழக்கமும்

ஆங்கிலத்தில் முதலாளிக்கும் "யூ", பையனுக்கும் "யூ". வேலைக்குச் சேர்ந்த மறுநாளே மேனேஜரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. போலந்தில் அது செல்லாது. பெரியவர், அதிகாரி, கடைக்காரர், தெரியாதவர் எல்லாருக்கும் "பான்", பெண்ணுக்கு "பானி". வினையும் படர்க்கையில் வரும். எதிரில் இருப்பவரையே பார்த்து "சார் காபி சாப்பிடுறாரா?"ன்னு நாம கேட்கிற அதே மாதிரி. வயசில் பெரியவரோ பதவியில் உயர்ந்தவரோ "இனி 'நீ'ன்னே சொல்லு" என்று சொன்ன பிறகுதான் "டி" என்ற ஒருமைக்கு இறங்கணும். ஆங்கிலப் பழக்கத்தில் இதை மீறினா முகத்துல காட்டாம மனசுல வச்சுக்குவாங்க. லிஃப்ட்டிலோ டாக்டர் வெயிட்டிங் ரூமிலோ நுழைஞ்சா "ஜென் டோப்ரி", அதாவது வணக்கம்.

லண்டன்ல "ஹவ் ஆர் யூ"ன்னு கேட்டா பதில் எதிர்பார்க்க மாட்டாங்க. போலந்தில் கேட்டா நிஜமாவே முதுகு வலியைப் பத்திச் சொல்வாங்க. அதேபோல வேலை தப்பா இருந்தா சுத்தி வளைக்காம "ஷ்லே", அதாவது சரியில்லை, என்று நேரா சொல்வாங்க. பிரிட்டிஷ் மேனேஜர் அதையே "இன்ட்ரஸ்டிங்"னு சொல்லிட்டு அப்ரைசல்ல கையை வெட்டுவார். எனக்கு முதல் வகைதான் பிடிக்கும்.

வீட்டுக்குள்ள போனா செருப்பைக் கழட்டணும். விருந்தாளி வீட்டுக்கு வந்தா கடவுளே வந்த மாதிரின்னு அவங்களுக்கு ஒரு பழமொழி இருக்கு, நம்ம அதிதி தேவோ பவ மாதிரியே. டிசம்பர் 24 இரவு விருந்தில், எதிர்பாராம யாராவது வந்தா உட்கார ஒரு தட்டு காலியா வைப்பாங்க. பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். 2018 முதல் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் மூடியிருக்கும், மளிகையைச் சனிக்கிழமையே வாங்கிடுங்க.

மொழி விஷயத்தில் அவங்க ஏன் இவ்வளவு கெட்டி என்பதற்கு வரலாறு இருக்கு. 1795-ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணும் சேர்ந்து போலந்தை முழுசா பங்கு போட்டுக்கிட்டாங்க. 1918 வரை, 123 வருஷம், அந்தப் பேரில் சுதந்திர நாடே இல்லை. மிச்சம் இருந்தது மொழிதான். 1901-ல் வ்ஷெஷ்னியா ஊரில் மதப் பாடத்தை ஜெர்மனில் நடத்தினதை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் பதில் சொல்ல மறுத்து அடி வாங்கினாங்க. 1938-ல் நம்ம தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தப்போ தமிழ்நாட்டில் நடந்தது தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால நீங்க தட்டுத் தடுமாறி நாலு வாக்கியம் போலிஷ் பேசினாலே அங்கே ஆட்கள் உருகிடுவாங்க. இளசுகள் நல்லா ஆங்கிலம் பேசுவாங்க. 1989-க்கு முன்னாடி படிச்ச தலைமுறைக்குப் பள்ளியில் கட்டாயமா இருந்தது ரஷ்ய மொழி. உங்க லைன் சூப்பர்வைசர் அந்த வயசா இருக்க வாய்ப்பு அதிகம்.

(வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாங்க, தெரியுமா? நாம போலிஷ் படிக்க யோசிக்கிறோம்.)

மொழிக்கு எவ்வளவு ஒதுக்கணும்

போலந்தில் ஐந்து வருஷம் சட்டப்படி தொடர்ந்து இருந்து, நிலையான வருமானமும் காட்டினா ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதுக்கு பி1 அளவு போலிஷ் சான்றிதழ் வேணும். பிரிட்டனிலும் நிரந்தர வசிப்புக்கு ஆங்கிலத் தேர்வு உண்டு, ஆனா அதை நம்ம பசங்க ஒரு மாசம் தயார் பண்ணி எழுதிடுவாங்க. பி1 போலிஷ் ஒரு மாசத்துல வராது. வேலை பெர்மிட்டில் கம்பெனி பேர் இருக்கும். அந்தக் கம்பெனி பிடிக்கலைன்னா வேற கம்பெனி புது பெர்மிட் எடுக்கணும். வேற கம்பெனியில் பேசி வேலை வாங்க மொழி தெரியணும். மொழி தெரியாதவர் அதே ஹாஸ்டல், அதே ஏஜென்சி, அதே மணிக்கூலி என்று வருஷங்கள் ஓட்டுவார்.

என் கணக்கு இப்படி. கிளம்புறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே தினமும் ஒரு மணி நேரம் ஆரம்பிங்க, ஆன்லைன் கிளாஸுக்கு மாசம் ₹3,000 வரை ஒதுக்குங்க. மொத்தம் ₹18,000. பிட்-2 ஃபார்ம் என்ன என்று புரியாம மூணு மாசம் விட்டா அதைவிட அதிகமா முடங்கிடும். அங்கே போன பிறகும் முதல் ரெண்டு வருஷம் மாசம் 150 ஸ்வோட்டி மொழிக்கு. இதை செலவுக் காலத்தில் எழுதாதீங்க, எஸ்ஐபி பக்கத்துல எழுதுங்க.

சம்பளம் வரலை, மணிநேரத்தை ஏமாத்துறாங்க என்றால் அங்கே அரசுத் தொழிலாளர் ஆய்வகம் இருக்கு, சுருக்கமா "பிப்". ஆலோசனை இலவசம். வேலை செய்த மணிநேரத்தை தினமும் உங்க டைரியிலும் எழுதி, ஷெட்யூலைப் போட்டோ எடுத்து வைங்க.

கடைசியா இந்தியப் பக்கம் ரெண்டு வேலை. வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்பும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இங்கே 182 நாளுக்குக் குறைவா இருந்தால் வருமான வரிக்கு நான்-ரெசிடென்ட். செப்டம்பர் 28-க்குள் கிளம்புறவருக்கு அந்த வருஷமே இந்தப் பலன் கிடைக்கும். டிசம்பரில் கிளம்பினா போலந்துச் சம்பளத்தையும் இங்கே ரிட்டர்னில் காட்டணும். இந்தியா–போலந்து இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் அங்கே கட்டின வரிக்கு கிரெடிட் எடுக்கலாம், பிட்-11-ஐ பத்திரமா வைங்க. அடுத்து, ஓசூர்ல இருக்கும் சேவிங்ஸ் அக்கவுன்ட்டை அப்படியே ஓட்டக்கூடாது. என்ஆர்ஓ-வா மாத்தி, அங்கிருந்து வரும் பணத்துக்கு என்ஆர்இ அக்கவுன்ட் திறங்க. அந்த என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரி இல்லை.

பிட்-37 தாக்கல் செய்வது எப்படின்னு ஸ்கிரீன் காட்டி அடுத்த வீடியோவில் பார்ப்போம். ஆஃபர் லெட்டர் அனுப்புறவங்க போலிஷ் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்க, பாஸ்போர்ட் நம்பரை மறைச்சிடுங்க.